கசிவு

மின்சாரம் என்றால் என்னவென்று
மக்களுக்குச் சொல்லும்படி
ரீகா நகரசபை கடிதம் எழுதியிருக்கிறது.
ஜனவரியில் புதிய மின்நிலையத் திறப்பு விழா.
மேயர் பேசிய பின், வாத்தியக் குழுவுக்கு முன்,
எனக்குப் பத்து நிமிடம்.

எனக்குத் தெரியாது.
அதைச் சொல்லப் பத்து நிமிடம் அதிகம்.

ஆனால் ஜனவரி நல்ல மாதம்.
தௌகவா ஆறு உறைந்து
காற்று எலும்பாய்க் காய்ந்து கிடக்கையில்
கம்பளிச் சட்டையைக் கழற்றினாலே
இருட்டில் பொறி பறக்கும்.
ஜூலையில் ஈரம் எல்லாவற்றையும் குடித்துவிடும்.
இந்தக் கடற்கரையில்
கோடையைச் சபித்த ஒரே பெண்
நானாகத்தான் இருப்பேன்.

என் முதல் கருவி ஒரு பொத்தான்.
லியபாயாவில், வாடகை கேட்டு வந்த
கிரோட்டென் துரையின் மேலங்கியிலிருந்து
அறுந்து விழுந்த அம்பர்.
திருப்பிக் கொடுக்கவில்லை.
உள்ளே ஒரு கொசு,
ஒற்றைக் காலைத் தூக்கியபடி.
பூனையின் முதுகில் தேய்த்து
வைக்கோல் தூளருகே நீட்டினேன்.
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
துரும்பு எழுந்து நின்றது.
பூனை அதற்குப் பிறகு என்னை நம்பவில்லை.

பின்னால் வந்தது குடுவை.
கண்ணாடிக்குள் பித்தளைத் தண்டு,
அதன் நுனியில் இரண்டு தங்கத் தாள்கள்.
மூச்சுப் பட்டால் கிழிந்துவிடும்.
மின்னேற்றினால்
சொத்துத் தகராறில் முறைத்துக்கொண்ட
அக்கா தங்கைபோல் விலகி நிற்கும்.
அப்படியே நிற்க வேண்டும்.
நிற்கவில்லை.
கதவைப் பூட்டிவிட்டுப் போனால்
காலையில் மூன்று கோடு இறங்கியிருக்கும்.
தொட்டவர் யாருமில்லை.

நோட்டில் அதற்கொரு பத்தி ஒதுக்கினேன்:
‘பிழை. கசிவு.’

அம்பர் தாங்கியைக் குறை சொன்னேன்.
தெருவில் ஓடும் டிராமை,
நனைந்த கோட்டோடு நுழையும் துறைத்தலைவரை,
கடைசியில் இந்திரிகிஸை.
கண்ணாடி ஊதுபவர். என் பொருட்டு
ஒன்பது குடுவை ஊதினார், உதடு வெந்து.
ஒன்பதாவதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
உங்கள் கண்ணாடி அழுக்கு என்றேன்.
அவர் எதுவும் பேசவில்லை.
கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார்.
பத்தாவது குடுவையும் கசிந்தது.

பதினோரு வருடம்.
பிறகொரு நாள், தபாலில் வந்த சஞ்சிகையில் படித்தேன்.
வேறொரு நாட்டில் எவரோ
இதே மாதிரிக் குடுவையை
பலூனில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.
மேலே போகப் போகக் கசிவு கூடியதாம்.
அப்படியென்றால் அது வெளியிலிருந்து வருகிறது.
கூரையை, மேகத்தை, என் தொப்பியை,
கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு
ராப்பகலாக.

நோட்டை எடுத்துப் பார்த்தேன்.
என் பிழைப் பத்தியில்
பதினோரு வருடமாக
வானம் விழுந்துகொண்டிருந்தது.
நான் அதை ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தேன்,
மூன்று தசம இடம் வரை.

அன்று சாயங்காலம் இந்திரிகிஸின் வீட்டுக்குப் போனேன்.
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.
‘கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது’ என்றேன்.
‘தெரியும்’ என்றார்.
ஒரு கத்தியை என் பக்கம் தள்ளினார்.
இரண்டு பேரும் வாளி நிறைய உரித்தோம்.
எனக்குக் கிடைத்த பதக்கங்கள் எதிலும்
அந்தக் கத்தியின் கனம் இல்லை.

ஆகவே, மாண்புமிகு சபையோருக்கு:
என் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.
பதிலாக, விளக்கைப் பத்து நிமிடம்
தாமதமாகப் போடுங்கள்.
இருட்டில் எல்லோரும்
அவரவர் கம்பளியைக் கழற்றட்டும்.
சடசடவென்று சின்னதாக ஒரு சத்தம் வரும்,
நீலமாக ஏதோ மின்னும்.
குழந்தைகள் சிரிப்பார்கள்.
மேயருக்கும் மயிர் சிலிர்க்கும்.
என் பேச்சு அவ்வளவுதான்.
பிறகு வாத்தியக் குழு வாசிக்கலாம்.

பின்குறிப்பு:
கிரோட்டென் குடும்பத்தார் எவரேனும் வந்தால்
மூன்றாவது வரிசையில் இருப்பேன்.
பொத்தான் கோட்டுப் பையில் இருக்கிறது.
கொசு இன்னும் காலைக் கீழே வைக்கவில்லை.